பிரவுசரில் ஜிடிபி: சி, சி++ புரோகிராம்களை டீபக் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜிடிபி-ஜியூஐ என்ற கருவியைப் பற்றி, காலேஜில் சி படிப்பவர்கள் முதல் எம்பெடட் வேலை பார்ப்பவர்கள் வரை திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கையில் லினக்ஸ் இருக்கிறது, டெர்மினல் என்றால் பயமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

இது ஜிடிபிக்கு மாற்றா? தனி டீபக்கரா?

இரண்டும் இல்லை. வேலை முழுவதையும் செய்வது ஜிடிபிதான், ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் குனூ திட்டத்துக்காக எழுதிய அதே டீபக்கர் (ஓடும் புரோகிராமை நிறுத்தி, உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி). நாம் கையால் தட்டுகிற பிராம்ப்ட் போக, மற்ற புரோகிராம்கள் பேசுவதற்கென்று ஜிடிபியில் மெஷின் இன்டர்ஃபேஸ் என்று ஒரு வழி இருக்கிறது, சுருக்கமாக எம்ஐ. ஜிடிபி-ஜியூஐ என்பது பைத்தானில் எழுதிய ஒரு சின்ன வெப் சர்வர். அது பின்னால் ஒரு ஜிடிபியைக் கிளப்பி, எம்ஐ வழியாக அதனிடம் பேசி, வருகிற பதில்களை வெப்சாக்கெட்டில் உங்கள் பிரவுசருக்கு அனுப்புகிறது. நீங்கள் வரி எண்ணைக் கிளிக் செய்தால் அது ஒரு பிரேக்பாயின்ட் (இந்த வரியில் வந்து நில் என்ற குறி) கமாண்டாக மாறி ஜிடிபிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஜிடிபி-ஜியூஐ வேலை செய்யவில்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை பிரவுசர் பக்கத்துப் பிரச்சினையே இல்லை. கம்பைல் செய்த விதம், கெர்னலின் அனுமதி, பைனரி வேறு சோர்ஸ் வேறு என்று எல்லாம் கீழே நடப்பவை. சந்தேகம் வந்தால் வெறும் ஜிடிபியில் அதே பைனரியைத் திறந்து அதையே செய்து பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் பக்கத்தை எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் ஒன்றும் நடக்காது.

எப்படி நிறுவுவது? பிப் போட்டால் திட்டுகிறதே?

டெபியன் 12, உபுன்டு 23.04 தொடங்கி, சிஸ்டத்தின் பைத்தானுக்குள் நேராகப் பிப் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று எரர் வரும். அதை மீறச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். பிப்எக்ஸ் நிறுவிக்கொண்டு "பிப்எக்ஸ் இன்ஸ்டால் ஜிடிபிஜியூஐ" போடுங்கள், தனி அறையில் உட்கார்ந்துகொள்ளும். ஜிடிபி இதோடு சேர்ந்து வராது, அதை ஏபிடி மூலமாகத் தனியாக நிறுவ வேண்டும். அப்புறம் "ஜிடிபிஜியூஐ ./புரோகிராம்" என்று அடித்தால் 5000-ஆம் போர்ட்டில் சர்வர் ஓட ஆரம்பித்து பிரவுசர் தானாகத் திறக்கும். புரோகிராமுக்கு ஆர்க்யுமென்ட் கொடுக்க வேண்டுமென்றால் --ஆர்க்ஸ் போட்டு அதற்குப் பிறகு வரிசையாகக் கொடுங்கள்.

டெர்மினலில் ஜிடிபி போதாதா? பிரவுசர் எதற்கு?

போதும். பலருக்குப் போதுமானதாகத்தான் இருக்கிறது, ஜிடிபிக்குள்ளேயே கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து 'ஏ' அடித்தால் சோர்ஸ் தெரியும் டியூஐ திரையும் வந்துவிடும். ஆனால் சோர்ஸ், ஸ்டேக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை), லோக்கல் வேரியபிள்கள், மெமரி நான்கையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க வேண்டிய பிழைகள் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் "பிரின்ட் பி", "பிரின்ட் பி->நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டிருந்தால் எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துவிடும். 1990-களிலேயே டிடிடி என்ற வரைகலைக் கருவி இதற்காக வந்தது, லிங்க்டு லிஸ்டைப் பெட்டியும் அம்புமாக வரைந்து காட்டும். இன்றைக்கும் ஓடுகிறது, முகம்தான் அந்தக் காலத்து முகம்.

பிரவுசருக்கென்று உள்ள உண்மையான லாபம் வேறு: புரோகிராம் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது, அங்கே திரையே கிடையாது. எஸ்எஸ்ஹெச் வழியாக முழு ஜன்னலையும் இழுத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கொட்டாவி விடலாம். பிரவுசர் என்றால் கொஞ்சம் டெக்ஸ்ட்தான் போய் வரும்.

கம்பைல் செய்யும்போது என்ன கொடுக்க வேண்டும்?

குறைந்தபட்சம் -ஜி. அது இல்லாமல் பைனரியில் வரி எண், வேரியபிள் பெயர், டைப் எதுவும் இருக்காது. இவற்றையெல்லாம் டுவார்ஃப் என்ற வடிவத்தில் கம்பைலர் பைனரிக்குள் எழுதி வைத்தால்தான் ஜிடிபியால் "இந்த இன்ஸ்ட்ரக்ஷன் இந்த ஃபைலின் 42-ஆம் வரி" என்று சொல்ல முடியும். மேக்ரோக்களையும் பார்க்க வேண்டும் என்றால் -ஜி3.

அடுத்தது ஆப்டிமைசேஷன். பழகும்போது -ஓ0 (பெரிய ஓ, அப்புறம் சைபர்) வைத்துக்கொள்ளுங்கள். -ஓ2 வைத்துவிட்டு டீபக் செய்ய உட்கார்ந்தால் இரண்டு விஷயம் நடக்கும். அம்புக்குறி 10-ஆம் வரியிலிருந்து 14-க்குத் தாவி மறுபடி 11-க்கு வரும், ஏனென்றால் கம்பைலர் இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தனக்கு வசதியான வரிசையில் மாற்றி வைத்திருக்கிறது. வேரியபிள்களுக்குப் பக்கத்தில் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வரும், அதாவது அந்த மதிப்பு ஒரு ரெஜிஸ்டரில் இருந்தது, அதன் வேலை முடிந்ததும் ரெஜிஸ்டரை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், இப்போது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. டீபக்கர் பொய் சொல்லவில்லை. நடுவாந்தரமாக வேண்டுமென்றால் ஜிசிசியில் -ஓஜி இருக்கிறது (இங்கேயும் முதல் எழுத்து பெரிய ஓ). சிமேக் பயன்படுத்துபவர்கள் பில்டு டைப்பை டீபக் என்று கொடுங்கள், எதுவுமே கொடுக்காவிட்டால் -ஜி தானாக வராது. "நான் -ஜி போட்டேனே" என்று அடித்துச் சொல்பவர்கள் பில்டை வெர்போஸாக ஓட்டி, கம்பைல் லைனில் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திறந்துவிட்டேன். இப்போது எங்கே கிளிக் செய்ய?

பைனரியை ஏற்றியதும் மெயின் ஃபங்ஷனில் அதுவே ஒரு பிரேக்பாயின்ட் வைத்துக்கொள்ளும் (வேண்டாமென்றால் செட்டிங்ஸில் எடுத்துவிடலாம்). ரன் பட்டனை அழுத்துங்கள், மெயினில் வந்து நிற்கும். வரி எண்ணைக் கிளிக் செய்தால் பிரேக்பாயின்ட், மறுபடி கிளிக் செய்தால் போய்விடும். வலது பக்கம் த்ரெட்கள், ஸ்டேக், லோக்கல் வேரியபிள்கள், மெமரி, ரெஜிஸ்டர் எல்லாம் மடக்கி விரிக்கும்படி இருக்கும். சோர்ஸில் ஒரு வேரியபிள் மேல் மவுஸை வைத்தால் மதிப்பு தெரியும்.

மவுஸை விட்டுவிட்டு கீபோர்டில் போவது நல்லது: 'ஆர்' ஓட்டுவதற்கு, 'சி' தொடர, 'என்' அல்லது வலது அம்பு அடுத்த வரி, 'எஸ்' அல்லது கீழ் அம்பு ஃபங்ஷனுக்குள், 'யு' அல்லது மேல் அம்பு வெளியே. கர்சர் டெர்மினலுக்குள் மாட்டியிருந்தால் இவை வேலை செய்யாது, டெர்மினலில் எழுத்துதான் விழும். பக்கத்தில் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு அழுத்துங்கள்.

எக்ஸ்பிரஷன்ஸ் பகுதியைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. "பி->நெக்ஸ்ட்->வேல்யூ" மாதிரி எதை வேண்டுமானாலும் அங்கே எழுதி வையுங்கள், ஒவ்வொரு அடிக்கும் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். எண்ணாக இருந்தால் அது மாறி வந்த வரலாற்றை வரைபடமாகக் காட்டும். ஸ்ட்ரக்ட்டாக இருந்தால் பக்கத்தில் உள்ள மரச் சின்னத்தை அழுத்தினால் முனைகளைக் கிளிக் செய்து விரித்துக்கொண்டே போகலாம்.

செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது. இதில் எப்படிப் பிடிப்பது?

ஒரு நிஜமான உதாரணத்தோடு பார்க்கலாம். லிங்க்டு லிஸ்ட் முழுவதையும் அழிக்கும் ஃபங்ஷன், லூப்புக்குள் முதலில் ஃப்ரீ(பி), அடுத்த வரியில் பி = பி->நெக்ஸ்ட். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் நடக்கும் ஊரெல்லாம் இந்தப் பிழை இருக்கும். முனை என்பது ஒரு இன்ட், அப்புறம் நெக்ஸ்ட் பாயின்டர்.

ரன் கொடுங்கள். பிரேக்பாயின்ட் எதுவும் தேவையில்லை, சிக்னல் வந்த இடத்தில் ஜிடிபி தானாக நிற்கும். எந்த வரி என்று சோர்ஸ் காட்டும். ஆனால் விழுந்த வரி அடிபட்ட இடம் மட்டும்தான், அடித்தவன் வேறு எங்கோ இருப்பான். நிற்கும் வரி லைப்ரரிக்குள் இருந்தால் ஸ்டேக்கில் உங்கள் ஃபங்ஷன் வரும்வரை கீழே கிளிக் செய்து போங்கள். அங்கே 'பி' என்ன என்று பாருங்கள். ஜிடிபிக்குள் ஓடும் 64-பிட் லினக்ஸ் புரோகிராமில் மாலாக் கொடுக்கும் முகவரிகள் வழக்கமாக 0எக்ஸ்5555 என்று ஆரம்பிக்கும். இங்கே 'பி'-யில் அதற்குச் சம்பந்தமே இல்லாத நீளமான குப்பை எண் இருக்கும்.

அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? இங்கேதான் வாட்ச்பாயின்ட், அதாவது ஒரு மெமரி இடத்தின் மதிப்பு மாறும்போது ஓட்டத்தை நிறுத்தும் வசதி. புரோகிராமைத் திரும்ப ஓட்டி, லூப்புக்குள் ஃப்ரீ வரிக்கு முன்னால் நிறுத்தி, ஜிடிபி டெர்மினலில் "வாட்ச் -எல் பி->நெக்ஸ்ட்" என்று அடியுங்கள். -எல் என்பது "இப்போது அது இருக்கும் முகவரியைக் கவனி" என்று அர்த்தம், அது இல்லாவிட்டால் 'பி' மாறியதும் வாட்ச்சும் வேறு இடத்தைப் பார்க்கப் போய்விடும். இப்போது தொடர்ந்தால் ஃப்ரீயின் உள்ளே போய் நிற்கும். விடுவித்த சின்னத் துண்டுகளை ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) அடுத்த மாலாக்குக்காகத் தனிப் பட்டியலில் சேர்த்து வைக்கிறது, அந்தக் கணக்கை எழுத அதே துண்டின் முதல் 16 பைட்களை எடுத்துக்கொள்கிறது. முதல் எட்டு பைட்டில் பட்டியலின் அடுத்த சுட்டி, அடுத்த எட்டில் இரட்டை ஃப்ரீயைக் கண்டுபிடிக்க ஒரு சாவி எண். நம்முடைய நெக்ஸ்ட் இருந்தது சரியாக அந்த இரண்டாவது எட்டில். அடுத்த வரியில் நாம் பாயின்டர் என்று நினைத்து எடுத்தது அந்தச் சாவியை. மெமரி பகுதியில் அந்த முகவரியைப் போட்டு ஃப்ரீக்கு முன்னும் பின்னும் பாருங்கள், பைட் பைட்டாக மாறுவது தெரியும். நெக்ஸ்டை ஒரு தற்காலிக வேரியபிளில் எடுத்துவைத்துக்கொண்டு ஃப்ரீ செய்தால் விஷயம் முடிந்தது.

இப்படிப்பட்ட வாட்ச்பாயின்ட்களை எக்ஸ்86 பிராசசரின் டீபக் ரெஜிஸ்டர்கள் செய்வதால் வேகம் குறையாது, ஆனால் ஒரே நேரத்தில் நான்குதான். பெரிய அரே முழுவதையும் வாட்ச் செய்யக் கேட்டால் ஜிடிபி ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனாக ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும், டீ குடித்துவிட்டு வரலாம். இன்னொன்று, மெமரிப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் போட்டுக் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். எங்கே ஃப்ரீ ஆனது, எங்கே மறுபடி தொட்டீர்கள் என்று இரண்டு ஸ்டேக்கையும் அச்சடித்துக் கொடுத்துவிடும், டீபக்கரே தேவைப்படாமல் போகலாம்.

வெளியே ஓட்டினால் விழுகிறது, ஜிடிபிக்குள் ஓட்டினால் விழவில்லை. பேய் பிடித்திருக்கிறதா?

காரணம் இருக்கிறது, ஒன்றுக்கு மேல். லினக்ஸ் ஒவ்வொரு முறையும் முகவரிகளைக் கலைத்துப்போடும், ஜிடிபி தான் கிளப்பும் புரோகிராமுக்கு அந்தக் கலைப்பை நிறுத்திவைக்கிறது. ஆரம்ப மதிப்பு கொடுக்காத வேரியபிள், எல்லை தாண்டி எழுதும் அரே போன்றவை இதனால் "நல்லபடியாக" ஓடிவிடும். "செட் டிஸேபிள்-ரேண்டமைசேஷன் ஆஃப்" என்று அடித்துவிட்டு ஓட்டினால் வெளியுலகம் மாதிரி ஆகும். அப்புறம் லைன்ஸ், காலம்ஸ் என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிள்களை ஜிடிபி சேர்க்கிறது, அதனால் ஸ்டேக்கின் ஆரம்பமே சில பைட்கள் தள்ளிப்போகும். த்ரெட்களுக்குள் நடக்கும் போட்டி என்றால் டீபக்கரால் நேரம் மாறுவதே போதும், பிழை ஒளிந்துகொள்ள. அதற்கு -எஃப்சானிடைஸ்=த்ரெட் பக்கம் போங்கள்.

ஸ்கேன்எஃப் இருக்கும் புரோகிராமுக்கு இன்புட் எங்கே கொடுப்பது?

கீழே ஜிடிபியின் டெர்மினலைத் தவிர உங்கள் புரோகிராமுக்கென்று தனி டெர்மினல் ஒன்று இருக்கிறது, அங்கே. 0.14 பதிப்பிலிருந்து இந்தப் பிரிவு வந்தது, அதற்கு முந்தைய பதிப்பைக் காட்டும் பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெரிய இன்புட் ஃபைல் என்றால் ஜிடிபி டெர்மினலில் "ரன் < இன்புட்.டிஎக்ஸ்டி" போடலாம். பிரின்ட்எஃப் தாண்டிய பிறகும் எழுத்து வரவில்லை என்றால் கடைசியில் புதுவரிக் குறி வைத்தீர்களா என்று பாருங்கள். பஃபரில் உட்கார்ந்திருக்கும்.

சோர்ஸ் வராமல் அசெம்ப்ளி மட்டும் வருகிறது

"நோ டீபக்கிங் சிம்பல்ஸ் ஃபவுண்ட்" என்று ஜிடிபி டெர்மினலில் இருந்தால் -ஜி இல்லை, அல்லது யாரோ ஸ்ட்ரிப் செய்து அந்தத் தகவலை நீக்கிவிட்டார்கள். "ஃபைல் ./புரோகிராம்" என்று ஷெல்லில் அடித்தால் ஸ்ட்ரிப் ஆகியிருக்கிறதா என்று சொல்லிவிடும்.

சிம்பல் இருந்தும் சோர்ஸ் இல்லை என்றால் பாதைப் பிரச்சினை. டுவார்ஃபில் இருப்பது சோர்ஸ் இல்லை, சோர்ஸ் இருந்த பாதை மட்டும்தான். டாக்கருக்குள் /பில்டு என்ற இடத்தில் கம்பைல் செய்து, பைனரியை வெளியே எடுத்துக்கொண்டு வந்தால் ஜிடிபி உங்கள் மெஷினிலும் /பில்டு என்றுதான் தேடும். "செட் சப்ஸ்டிட்யூட்-பாத்" என்று அடித்துப் பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் கொடுங்கள். தினமும் இதே கதை என்றால் ஹோம் டைரக்டரியில் .ஜிடிபிஇனிட் ஃபைலில் எழுதிவிடுங்கள், ஜிடிபி தொடங்கும்போதே படித்துக்கொள்ளும்.

சோர்ஸை மாற்றி மறுபடி கம்பைல் செய்த பிறகு பழைய சோர்ஸே தெரிந்தால் சோர்ஸ் பகுதியின் மேலே உள்ள ரீலோட் ஃபைல் பட்டன். பைனரி மாறியதை ஜிடிபி அடுத்த ரன்னில் தானே கண்டுபிடித்துச் சிம்பல்களை மறுபடி படித்துவிடும்.

பிரேக்பாயின்ட் வைத்தேன், நிற்கவே இல்லை

அந்த வரிக்கு ஓட்டம் வரவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் விடை, அதை முதலில் நம்புங்கள். மெயினுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்து அடி அடியாக நடந்து பாருங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் ஃபோர்க் இருக்கிறதா? ஜிடிபி பெற்றோர் பிராசஸோடுதான் போகும், குழந்தையை விட்டுவிடும். "செட் ஃபாலோ-ஃபோர்க்-மோட் சைல்டு" போட்டால் குழந்தையோடு போகும். ஓடும்போது ஏற்றப்படும் ஷேர்டு லைப்ரரி என்றால் பிரேக்பாயின்ட் பென்டிங் என்று காத்திருக்கும், ஏற்றியதும் பிடித்துக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸோடு அட்டாச் செய்தால் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்"

கெர்னல் தடுக்கிறது. ஒரு பிராசஸ் இன்னொன்றின் மெமரியைப் படிக்க பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால்தான் வாசல். உபுன்டுவில் 10.10 காலத்திலிருந்தே யாமா என்ற பாதுகாப்புப் பகுதி, தான் பெற்ற குழந்தைகளை மட்டும்தான் டீபக் செய்யலாம் என்று வைத்திருக்கிறது. அதனால்தான் ஜிடிபி தானே கிளப்பினால் ஓடுகிறது, அட்டாச் மட்டும் தோற்கிறது. "சுடோ சிஸ்சிடிஎல் கெர்னல்.யாமா.பிட்ரேஸ்_ஸ்கோப்=0" போட்டால் அடுத்த ரீபூட் வரை திறக்கும். உங்கள் சொந்த லேப்டாப்பில் சரி, பொது சர்வரில் இப்படித் திறந்து வைக்காதீர்கள். டாக்கருக்குள் என்றால் கன்டெய்னரைக் கிளப்பும்போதே --கேப்-ஆட்=சிஸ்_பிட்ரேஸ் (இதில் சமக்குறிக்குப் பின் வருவது முழுவதும் பெரிய எழுத்து) கொடுக்க வேண்டியிருக்கும்.

சர்வரில் ஓட்டி என் லேப்டாப்பிலிருந்து பார்க்கலாமா? -ஆர் போதுமா?

பார்க்கலாம், அதற்குத்தான் இந்தக் கருவியே. ஆனால் -ஆர் வேண்டாம். அது சர்வரை 0.0.0.0-இல் வைக்கும், அதாவது அந்த மெஷினை எட்ட முடிகிற எவரும் உங்கள் ஜிடிபியை எட்டலாம். ஜிடிபியில் "ஷெல்" என்று ஒரு கமாண்டு இருக்கிறது, அதன் பின்னால் என்ன எழுதினாலும் உங்கள் பெயரில் ஓடும். ஃபைல்களை அழிக்கலாம், எஸ்எஸ்ஹெச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். 5000-ஆம் போர்ட்டைத் திறந்து வைப்பதும் உங்கள் டெர்மினலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போவதும் ஒன்றுதான்.

சரியான வழி: சர்வரில் "ஜிடிபிஜியூஐ -என்" (பிரவுசரைத் திறக்காதே என்று அர்த்தம்), அது 127.0.0.1-இல் மட்டும் கேட்கும். லேப்டாப்பில் "எஸ்எஸ்ஹெச் -எல் 5000:127.0.0.1:5000", அப்புறம் உங்கள் யூசர்@சர்வர். இதில் 'எல்' பெரிய எழுத்து. பிறகு லேப்டாப் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:5000. போய் வருவதெல்லாம் எஸ்எஸ்ஹெச்சுக்குள் மறைந்து போகும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. 127.0.0.1 என்பது அந்த மெஷினுக்குள் மட்டும் என்றுதான் அர்த்தம், உங்களுக்கு மட்டும் என்று இல்லை. காலேஜ் லேப் சர்வரில் இன்னும் நாற்பது பேர் லாகின் செய்திருந்தால் அந்த நாற்பது பேராலும் உங்கள் 5000-ஐத் தொட முடியும். போர்ட் எண்ணை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், திறந்திருக்கும் போர்ட்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஓட்டும் வசதி இருக்கிறது, பகிர்ந்துகொள்ளும் சர்வரில் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்திவிட்டுப் போங்கள்.

5000 போர்ட் ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கிறார்களே?

மேக்கில் மான்டெரேயிலிருந்து ஏர்ப்ளே ரிசீவர் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் என்றால் நீங்களே ஓட்டிவிட்டு மறந்த வேறு ஏதாவது ஃபிளாஸ்க் ஆப்பாக இருக்கும், அதன் வழக்கமான போர்ட்டும் 5000-தான். -பி 5050 மாதிரி வேறு எண் கொடுங்கள்.

மேக், விண்டோஸ்?

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்லுக்குள் லினக்ஸ் மாதிரியே ஓட்டுங்கள், பிரவுசர் மட்டும் விண்டோஸில் திறந்தால் போதும். புதிய பதிப்புகள் யூனிக்ஸ் பாணி டெர்மினலை நம்பியிருப்பதால் நேரடி விண்டோஸில் மல்லுக்கட்ட வேண்டாம். இன்டெல் மேக்கில் ஜிடிபிக்கு நீங்களே ஒரு சான்றிதழ் உருவாக்கிக் கையொப்பம் இட்டால்தான் மற்ற பிராசஸைத் தொட விடும், அது ஒரு மாலை வேலை. எம்1 தொடங்கி வந்த மேக் என்றால் எல்எல்டிபி என்ற வேறு டீபக்கருக்குப் போய்விடுங்கள், அல்லது லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின். ஜிடிபி-ஜியூஐயின் பின்னால் எல்எல்டிபியை மாட்ட முடியாது.

ரஸ்ட், கோ, ஃபோர்ட்ரான்?

ரஸ்ட் நன்றாக வரும். கார்கோ பில்டு செய்தால் டீபக் தகவல் தானாகவே இருக்கும், ஜிடிபிக்குப் பதில் ரஸ்ட்-ஜிடிபியை -ஜி ஆப்ஷனில் கொடுத்தால் வெக்டர், ஸ்ட்ரிங் எல்லாம் படிக்கிற மாதிரி தெரியும். (கம்பைலரின் -ஜி வேறு, இந்த -ஜி வேறு, இது எந்த ஜிடிபி என்று சொல்வதற்கு.) ஜிஃபோர்ட்ரான் -ஜி போட்டால் பிரச்சினையே இல்லை, பழைய ஃபோர்ட்ரான் கோடைக் கட்டி அழும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பெரிய உதவி. கோ மொழிக்கு மட்டும் டெல்வ் என்ற டீபக்கர் பக்கம் போங்கள், ஜிடிபிக்குக் கோரூட்டீன்கள் சரியாகப் பிடிபடாது, கோ குழுவே டெல்வைத்தான் பரிந்துரைக்கிறது.

ஸ்டாண்டர்டு வெக்டரைத் திறந்தால் உள்ளே ஏதேதோ பெயர்கள் வருகின்றன

அது வெக்டரின் உள் அமைப்பு. செட்டிங்ஸில் பிரிட்டி பிரின்டர் ஆப்ஷனைப் பாருங்கள், அதைப் போட்டால் உறுப்புகள் வரிசையாக வரும்.

ஈஎஸ்பி32 மாதிரி போர்டுக்குப் பயன்படுமா?

படும், அந்தச் சிப்பைச் செய்யும் எஸ்பிரஸிஃபின் ஐடிஎஃப் என்ற கருவித்தொகுப்பிலேயே இதற்கென்று கமாண்டு இருக்கிறது: "ஐடிஎஃப்.பிஒய் ஓபன்ஓசிடி ஜிடிபிஜியூஐ". ஐடிஎஃப் நிறுவும்போது --எனேபிள்-ஜிடிபிஜியூஐ கொடுத்திருக்க வேண்டும். ஓபன்ஓசிடி என்ற புரோகிராம் ஜேடேக் என்ற டீபக் இணைப்பு வழியாகச் சிப்போடு பேசும், ஜிடிபி அதனோடு 3333 போர்ட்டில் பேசும், பிரவுசர் ஜிடிபி-ஜியூஐயோடு பேசும். இத்தனை கண்ணி இருப்பதால் அறுந்தால் கீழிருந்து மேலே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள், முதலில் ஒயர். ஈஎஸ்பி32-இல் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் இரண்டுதான். அதற்கு மேல் வைப்பதெல்லாம் ஃபிளாஷை மாற்றி எழுதிச் செய்வது, ஆகவே கண்ட இடத்தில் அள்ளி வைக்காதீர்கள். மற்ற போர்டுகள், கியூஎம்யூ என்ற எமுலேட்டர் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மெனுவில் ஜிடிபிசர்வரோடு இணையும் ஆப்ஷன் போதும், கியூஎம்யூவை -எஸ் கொடுத்து ஓட்டினால் 1234-இல் காத்திருக்கும்.

இரண்டாவது டேப் திறந்தால் காலியாக இருக்கிறதே?

புதிய டேப் என்றால் புதிய ஜிடிபி. ஓடிக்கொண்டிருப்பதையே இன்னொரு டேப்பில் பார்க்க டேஷ்போர்டு பக்கத்துக்குப் போய் அந்தப் பிராசஸைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் ஒரே செஷனைச் சேர்ந்து பார்ப்பதற்கும் இதே வழிதான், யார் நெக்ஸ்ட் அழுத்துவது என்று மட்டும் முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கிப் போக முடியுமா?

மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்ற கருவியோடு சேர்த்தால் முடியும். "ஆர்ஆர் ரெக்கார்டு ./புரோகிராம்" என்று ஒருமுறை பிழை வரும்வரை பதிவு செய்யுங்கள், பிறகு -ஜி ஆப்ஷனில் "ஆர்ஆர் ரீப்ளே --" என்பதை மேற்கோளுக்குள் கொடுத்து ஜிடிபி-ஜியூஐயைத் திறங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் அதே ஓட்டம், அதே முகவரிகள், அதே பிழை. மேலே பார்த்த குப்பை பாயின்டரை இதில் பிடிப்பது சுலபம்: விழுந்த இடத்தில் வாட்ச் வைத்துவிட்டு "ரிவர்ஸ்-கன்டினியூ" என்றால் அதைக் கடைசியாக எழுதிய வரியில் வந்து நிற்கும். லினக்ஸில் மட்டும், பிராசசரின் கவுன்டர்களைப் படிக்க அனுமதி வேண்டும், எல்லா த்ரெட்டையும் ஒரே கோரில் ஓட்டுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும். பல விர்ச்சுவல் சர்வர்களில் அந்தக் கவுன்டர்களே கிடைக்காது.

நேற்று ராத்திரி விழுந்த புரோகிராமின் கோர் ஃபைலை இதில் பார்க்கலாமா?

பார்க்கலாம், கோர் ஃபைல் என்பது விழுந்த கணத்து மெமரியின் நகல்தான். பைனரியைத் திறந்துவிட்டு ஜிடிபி டெர்மினலில் "கோர்-ஃபைல்" போட்டு ஃபைலின் பெயர். ஸ்டேக், வேரியபிள், மெமரி எல்லாம் தெரியும், ஓட்ட மட்டும் முடியாது. கோர் ஃபைலே இல்லை என்றால் "யூலிமிட் -சி அன்லிமிடெட்" போட்டீர்களா என்று பாருங்கள். சிஸ்டம்டி அதை எடுத்து வைத்திருந்தால் "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" காட்டும். விழுந்தபோது இருந்த அதே பைனரி வேண்டும், இடையில் மறுபடி கம்பைல் செய்திருந்தால் வரி எண்கள் எல்லாம் எங்கோ காட்டும்.

விஎஸ் கோடு இருக்கும்போது இது எதற்கு?

விஎஸ் கோடில் ஏற்கெனவே எல்லாம் அமைத்து வைத்திருந்தால் மாற வேண்டிய அவசியமே இல்லை. அதன் சி++ எக்ஸ்டென்ஷனும் பின்னால் இதே ஜிடிபியிடம் இதே எம்ஐயில்தான் பேசுகிறது. ஆனால் யாரோ கொடுத்த ஒரு பைனரியை உடனே திறந்து பார்க்க வேண்டும், லான்ச் ஃபைலில் பாதை எழுதி, டாஸ்க் எழுதி எல்லாம் செய்யப் பொறுமையில்லை என்கிற நேரத்தில் ஒரே கமாண்டில் திறக்கிற இது எனக்குப் பிடிக்கும். அதோடு ஜிடிபி டெர்மினல் பக்கத்திலேயே திறந்திருப்பதால் கமாண்டுகளும் தானாகப் பழகிவிடும், விஎஸ் கோடில் அது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், -எக்செக் என்று முன்னால் போட்டுத்தான் பேச வேண்டும். பெரிய புராஜெக்டில் நாள் முழுவதும் உட்கார்ந்து கோடு எழுதுபவர்களுக்கு ஐடிஇ-தான் சரி.